மூன்று பவுன் சங்கிலியின் கணக்கு: ரிசர்வ் வங்கிக்கு ஒரு நகை மதிப்பீட்டாளரின் திறந்த மடல்

பெறுநர்: இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், ஒழுங்குமுறைத் துறை மற்றும் பொருளாதார, கொள்கை ஆய்வுத் துறை அதிகாரிகளுக்கும்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் இருபத்தாறு ஆண்டுகள் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். வங்கியின் சம்பளப் பட்டியலில் என் பெயர் இருந்ததில்லை. ஒரு கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு, உரைகல்லும் அமிலக் குப்பியும் தராசுமாகக் கிளையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் அப்பா பட்டறை வைத்திருந்த பத்தர். அவர் செய்த நகைகளில் சில, இருபது ஆண்டுகள் கழித்து என் தராசுக்கு அடகுக்காக வந்திருக்கின்றன. அரக்கு எவ்வளவு, கல் எவ்வளவு, பற்றவைப்பில் போனது எவ்வளவு என்று கழித்து, நிகர எடையை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதே தராசின் முன்னால் உட்கார்ந்து பார்த்த ஒன்றைத்தான் இந்த மடலில் உங்களிடம் வைக்கிறேன்.

2025 ஏப்ரல் 9 அன்று நகைக்கடனுக்கான வரைவு விதிகளை வெளியிட்டீர்கள். தமிழ்நாட்டில் அதற்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது உங்களுக்கே தெரியும். முதலமைச்சர் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். மே 30 அன்று நிதி அமைச்சகமே சிறு கடன்காரர்களை விட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னது. ஜூன் 6 அன்று இறுதி விதிகள் வந்தன. நுகர்வுக் கடனில் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. நடைமுறைக்குக் கொண்டுவர 2026 ஏப்ரல் 1 வரை அவகாசம் கொடுத்தீர்கள். மாமியார் போட்ட சங்கிலிக்கு எங்கே பில் தேடுவது என்று ஏப்ரலில் பதறியவர்கள், உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஆனபிறகு மூச்சு விட்டார்கள்.

இறுதி விதிகளில் நல்லவை பல இருக்கின்றன. நகையைக் கடன் வாங்குபவரின் கண் முன்னால்தான் எடை போட வேண்டும் என்றீர்கள். கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழித்தோம் என்று சொல்லி, எழுதித் தர வேண்டும் என்றீர்கள். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தாள்கள் இருக்க வேண்டும், பணம் கட்டி முடித்தால் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும், கொடுப்பவர் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும், ஏலத்தில் மிஞ்சிய பணத்தை ஏழு வேலை நாளில் திருப்ப வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஏமாந்த பிறகு பிறந்த விதி. அந்த ஏமாற்றங்களை நான் பார்த்திருக்கிறேன். எடைச் சீட்டைக் கேட்கத் தெரியாமல் எழுந்து போனவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர்கள் சார்பில் உங்களுக்கு நன்றி.

என் குறை வேறு. இந்த விதிகளுக்குப் பின்னால் உள்ள ஆய்வில் கடன் கொடுத்தவரின் அபாயம் அளக்கப்படுகிறது. நகையை வைத்தவரின் அபாயம் அளக்கப்படவில்லை. அளக்காததற்கு விதி எழுதினால், அது நல்ல எண்ணத்தோடு எழுதியதாக இருந்தாலும் எங்கே போய் இடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நாளைச் சொல்கிறேன். 2025 மாசி மாதம். கொரநாட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மூன்று பவுன் சங்கிலி, ஓராண்டு முடிந்துவிட்டது. முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, சீட்டை மாற்றிக்கொண்டு போவார். அந்தச் சமயத்தில் கிளைக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு: அசலும் வட்டியும் முழுதாகக் கட்டி நகையைத் திருப்ப வேண்டும், மறுநாள் வந்து புதிதாக அடகு வைக்கலாம்.

“பத்தரே, திருப்புறதுக்குக் காசு இருந்தா நான் ஏன் மறுபடி வைக்கப் போறேன்?” என்றார் அந்த அம்மா. என்னிடம் பதில் இல்லை.

எதிர்த்த டீக்கடையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவரிடம் பதில் இருந்தது. ஒரு லட்சத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய். அவரே கூட வந்து கவுண்ட்டரில் பணத்தைக் கட்டுவார், மறுநாள் புதுக் கடன் விழுந்ததும் கூடவே நின்று வாங்கிக்கொள்வார். ஐந்நூறுதானே என்று தோன்றும். ஒரு நாளைக்கு அரை சதவீதம் என்றால் ஆண்டுக் கணக்கில் அது 182 சதவீதத்துக்கு மேல். அந்த அம்மாவின் வங்கிக் கணக்கைப் பாருங்கள்: பழைய கடன் தவணைக்குள் முழுமையாக அடைந்தது, புதிய கடன் முறையாக வழங்கப்பட்டது. உங்கள் பதிவேட்டில் அவர் மிக நல்ல வாடிக்கையாளர். இரண்டு கடன்களுக்கும் நடுவில் இருந்த அந்த ஓர் இரவு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கிளைகள் ஏன் அப்படிச் செய்தன என்பதும் எனக்குப் புரிகிறது. 2024 செப்டம்பர் 30 அன்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் மதிப்பீட்டுக் கோளாறுகள், ஏலத்தில் வெளிப்படைத்தன்மை இல்லாமை, நகை மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் என்ற விகிதத்தைக் கண்காணிக்காமை என்று பல குறைகளைச் சுட்டினீர்கள். சீட்டை மாற்றி மாற்றி எழுதி வாராக்கடனை மறைப்பது நடக்கக் கூடாது என்பது சரியான கவலைதான். ஆனால் மேலே ஒரு கவலை எழுதப்பட்டால், அது படி இறங்கி எங்கள் கிளைக்கு வரும்போது கட்டளையாகிவிடுகிறது. மேலாளர் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு வந்த இறுதி விதியில், கடன் ஒழுங்காக இருந்து, விகிதத்துக்குள்ளும் இருந்தால், சேர்ந்த வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம் என்று வழிவிட்டீர்கள். நல்லது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் எத்தனை பேர் அந்த டீக்கடைக்குப் போனார்கள்? ஒரே நாளிலோ மறுநாளிலோ முடிந்து மறுபடி தொடங்கிய நகைக்கடன் கணக்குகள் எத்தனை? அது வங்கிகளின் கணினியிலேயே இருக்கிறது. அதே வாடிக்கையாளர் எண், ஏறக்குறைய அதே நிகர எடை, அடுத்தடுத்த தேதி. யாராவது கேட்டால் வந்துவிடும். கேட்க அதிகாரம் உள்ளவர்கள் நீங்கள் மட்டும்தான்.

இப்போது அந்த 85 சதவீதத்துக்கு வருகிறேன். என் வாழ்நாள் முழுக்க நிகர எடையையும் விகிதத்தையும் பெருக்கிப் பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள்.

மூன்று பவுன், அதாவது 24 கிராம். கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 நடுவில் ஏறக்குறைய அந்த விலைதான். மதிப்பு 2,16,000 ரூபாய். அதில் 85 சதவீதம் 1,83,600. இதைக் கேட்டவுடன் அவ்வளவும் கைக்கு வரும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஆண்டு முடிவில் அசலையும் வட்டியையும் மொத்தமாகக் கட்டுகிற கடனில், அந்த வட்டியையும் சேர்த்துத்தான் 85 சதவீதம் பார்க்க வேண்டும் என்பது உங்கள் விதி. வட்டி 10 சதவீதம் என்றால் கைக்கு வருவது சுமார் 1,66,900 ரூபாய், அதாவது மதிப்பில் 77 சதவீதம். வட்டி 24 சதவீதம் வாங்கும் நிறுவனத்தில் அதே சங்கிலிக்குச் சுமார் 1,48,000. அது 68 சதவீதத்துச் சொச்சம்.

கடன் கொடுத்தவரின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான கணக்கு. நகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், அதிக வட்டி கட்டுபவருக்குக் குறைந்த கடன். அந்த அதிக வட்டிக்கு யார் போகிறார்கள்? எங்கள் டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் பெரிய மிராசுகளின் நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா வேறு பெயரில் இருக்கும். சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் கொண்டுவந்தால்தான் விவசாய நகைக்கடன், அதற்குத்தான் குறைந்த வட்டி. மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது நாற்றங்காலுக்கும் டீசலுக்கும் பணம் தேடி வருகிற குத்தகைக்காரர் விவசாயி இல்லை, நுகர்வோர். அவர் வைக்கிற நகையும் விதைப்புக்குத்தான், ஆனால் சீட்டில் சொந்தச் செலவு என்று எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன். மாதா மாதம் வட்டி கட்ட முடிந்தால் ஆண்டு வட்டிக்கான கழிவு அவருக்குக் குறையும். தை மாத அறுவடைக்கு முன் அவர் கையில் மாதச் சம்பளம் எங்கிருந்து வரும்?

பள்ளி, கல்லூரிக் கட்டணம் கட்டும் ஆனி, ஆடியில் எங்கள் பாதுகாப்புப் பெட்டகம் நிறையும். தை, மாசியில் காலியாகும். நெல் ஈரமாகிப் போன ஆண்டில் காலியாகாது. கிளையில் உட்கார்ந்தே அந்த ஆண்டு மழை எப்படி என்று சொல்லிவிடலாம். நாடு முழுவதற்கும் ஒரு தொகையாக எழுதும் அட்டவணையில் இந்த ஏற்ற இறக்கம் கரைந்து போய்விடுகிறது.

அதிகக் கடன் கொடுங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. அதிகம் கொடுத்ததன் விளைவையும் பார்த்தவன்தான். 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், வங்கிகள் விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு 90 சதவீதம் வரை தரலாம் என்று 2021 மார்ச் 31 வரை தளர்த்தினீர்கள். தங்கம் அப்போது உச்சியில் இருந்தது. பத்து கிராம் தங்கம் சந்தையில் 56,000 ரூபாயைத் தொட்டு, அடுத்த மார்ச்சில் 44,000 பக்கம் இறங்கியது. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. உச்சி விலையில் 90 சதவீதம் வாங்கியவர், இறங்கிய விலையில் திருப்ப வேண்டியிருந்தது. வேலையும் இல்லை. நகையைவிடக் கடன் பெரிதாகிவிட்டால் மனம் விட்டுப்போகும். அந்த ஆண்டு நாளிதழ்களில் ஏல அறிவிப்புகள் பக்கம் பக்கமாக வந்தன, கடன் எண் மட்டும் வரிசை வரிசையாக. அதற்கும் முன்பு, 2013 ஏப்ரலில் இரண்டே வணிக நாளில் உலகச் சந்தையில் தங்கம் சுமார் 13 சதவீதம் சரிந்தது. விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் ஆபத்து. 2025 டிசம்பரில் ஒரு பவுன் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே அதிகம் இருந்தது. அந்த உயரத்தில் வைத்த நகைகளை நினைத்துத்தான்.

ஆகவே வரம்பு வேண்டும். வரம்பை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. 2012 மார்ச்சில் வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கு 60 சதவீதம் என்று வைத்தீர்கள். 2014 ஜனவரியில் 75 ஆக்கினீர்கள். 2020இல் வங்கிகளுக்கு 90. பிறகு மறுபடி 75. இப்போது 85, 80, 75. பதின்மூன்று ஆண்டுகளில் இத்தனை முறை மாறிய எண்ணில், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நகையை வைத்த குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்ற ஆய்வு எங்கள் கைக்கு வந்ததில்லை. 60 சதவீதம் என்றிருந்த அந்த இரண்டாண்டுகளில் மீதிப் பணத்துக்கு மக்கள் எங்கே போனார்கள்? எனக்குத் தெரிந்தவரை சேட்டுக் கடைக்கும், தெருமுனை அடகுக் கடைக்கும் போனார்கள். அந்தக் கடைகள் 1943ஆம் ஆண்டின் அடகுக்கடைச் சட்டத்தின்கீழ் மாநில அரசிடம் உரிமம் பெற்றவை, உங்கள் எல்லைக்குள் வருவதில்லை. உரிமமே இல்லாமல் கைமாற்றாகக் கொடுப்பவருக்கு 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் போன்றவை இருக்கின்றன, அதுவும் யாராவது புகார் கொடுத்தால். ஒருவர் உங்கள் வாசலைவிட்டு இறங்கி அங்கே போய்விட்டால், உங்கள் கணக்கில் அபாயம் குறைந்ததாகத் தெரியும். அவர் வீட்டில் அது கூடியிருக்கும்.

இந்த இடத்தில் உங்கள் ஆய்வுத் துறையினருக்கு ஒரு வார்த்தை. ஆண்டுக்கு இருமுறை நிதி நிலைத்தன்மை அறிக்கை வெளியிடுகிறீர்கள். மாதந்தோறும் வங்கிக் கடனைத் துறைவாரியாகப் பிரித்துத் தருகிறீர்கள். அதில் தங்க நகைக்கடன் என்று ஒரு வரி இருக்கிறது. 2024-25இல் அந்த வரி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. நாடே நகையை அடகு வைக்கிறது என்று செய்தி வந்தது. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி, முன்பு விவசாயத் தலைப்பில் இருந்த கடன்களை இந்தத் தலைப்புக்கு மாற்றி எழுதியதால் வந்தது. ஒரு பகுதி தங்க விலையால். மீதிதான் உண்மையான தேவை. மூன்றையும் பிரித்துக் காட்டாவிட்டால் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. தொகைக்குப் பதிலாகக் கிராமைக் கேளுங்கள். எத்தனை கிராம் அடகில் இருக்கிறது என்று பார்த்தால் விலையின் மாயம் விலகிவிடும். பட்டறையில் பிறந்தவனுக்கு இதுதான் முதலில் தோன்றுகிறது: ரூபாய் ஏறி இறங்கும், எடை அப்படியே நிற்கும்.

இன்னொன்று, நகைக்கடனில் வாராக்கடன் குறைவு, ஆகவே பத்திரமான கடன் என்று சொல்லப்படுவது. குறைவுதான். கட்டாவிட்டால் ஏலம் போய்விடும், கடன் அடைந்துவிடும், கணக்கு மூடப்படும். கொடுத்தவரின் ஏட்டில் ஏலம் என்பது வசூல். அந்த வீட்டில் அது, பெண்ணின் கல்யாணத்துக்கு இருந்த ஒரே சேமிப்பு போன நாள். நகை வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று கொடுத்த பணம் அடகிலும் ஏலத்திலும் மதிப்பே இல்லாதது. உள்ளே இருக்கும் தங்கத்துக்கு மட்டும்தான் விலை. அந்த இழப்பையும் சேர்த்து எத்தனை குடும்பம் எவ்வளவு இழந்தது என்பதற்கு ஒரு எண் வேண்டாமா? உங்கள் குழு 2017இல் கொடுத்த வீட்டு நிதி அறிக்கையே, தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தங்கள் சொத்தில் தங்கத்தை மற்ற மாநிலத்தாரைவிட அதிகம் வைத்திருப்பதை எடுத்துக்காட்டியது. சொத்தாக எவ்வளவு தங்கம் என்று எண்ணியவர்களுக்கு, அதில் எவ்வளவு ஏலத்தில் போகிறது என்றும் எண்ண முடியும்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு காலாண்டிலும் எத்தனை நகைக்கடன்கள் ஏலத்துக்குப் போயின, அவற்றில் இரண்டரை லட்சத்துக்குக் கீழே எத்தனை, பெண்கள் பெயரில் எத்தனை, மிஞ்சிய பணம் எத்தனை பேருக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தது என்பதை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், எண்கள் போதும். ஏலத்தின் குறைந்தபட்ச விலை நகை மதிப்பில் 90 சதவீதம் என்றும், இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85 வரை இறக்கலாம் என்றும் விதித்திருக்கிறீர்கள். எத்தனை நகை 85க்குப் போனது என்று தெரிந்தால்தான் அந்த விதி யாரைக் காக்கிறது என்று தெரியும். புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டு முடிந்ததும், தஞ்சாவூர், திருவாரூர், சிவகங்கை போன்ற ஏதாவது இரண்டு மாவட்டங்களில் வீடு வீடாகக் கேளுங்கள். வங்கியில் குறைந்த பணத்துக்கு வேறெங்கே போனீர்கள், என்ன வட்டி கொடுத்தீர்கள் என்று தமிழில் கேளுங்கள். அதைத் தமிழிலேயே வெளியிடுங்கள்.

இது என் சொந்த விருப்பம் மட்டும் இல்லை. 2025 மே மாதத்தில் நீங்களே ஒரு நடைமுறை வகுத்தீர்கள்: விதி இயற்றும் முன் முடிந்தவரை அதன் விளைவை ஆய்வு செய்வது, வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைப்பது, பிறகு அவ்வப்போது மறுபரிசீலனை செய்வது என்று. அந்த வாக்கை வைத்துத்தான் கேட்கிறேன். ஏப்ரல் வரைவுக்கும் ஜூன் விதிக்கும் இடையில் நீங்கள் மாறியது மக்கள் சத்தம் போட்டதால். சத்தம் போடத் தெரியாதவர்கள் இருக்கும் மாநிலங்களில் என்ன நடந்திருக்கும்? அடுத்த முறை சத்தம் தேவைப்படாமல், கணக்கே பேசட்டும்.

களத்துக்கு ஆள் அனுப்பினால், மதிப்பீட்டாளர்களையும் கேளுங்கள். எங்களை யாரும் கேட்டதில்லை. போலி நகை வந்து நாங்கள் தவறவிட்டால் எங்கள் தலையில் விழும், அதனால் சந்தேகம் வந்தால் நிகர எடையை ஓரிரு கிராம் குறைத்து எழுதுவது எங்களில் பலருக்கும் பழக்கம். நானும் செய்திருக்கிறேன். அந்த ஓரிரு கிராமுக்கான கடன் ஒரு பிள்ளையின் கட்டணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது நினைத்து வருந்துகிறேன். பொறுப்பு முழுவதையும் கமிஷன்காரன் மேல் வைத்தால் அவன் அதைக் கடன் வாங்குபவர் மேல் இறக்கிவைப்பான். விதி எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொரநாட்டு அம்மாவின் சங்கிலி இன்னும் பெட்டகத்தில்தான் இருக்கிறது. நான் வேலையைவிட்டு வந்த பிறகும் கடைத்தெருவில் பார்க்கும்போது விசாரிப்பேன். சென்ற முறை வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக் கொடுத்தார்களாம், டீக்கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லையாம். அடுத்த தவணை மாசியில் வருகிறது. சம்பா தேறினால் திருப்பிவிடுவேன் என்றார்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.